அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?

“நான் அடிச்சேன்.”

ஏழு வயதுப் பையன். மணப்பாறையிலிருந்து பஸ் பிடித்து, திருச்சியில் இருக்கும் என் அறைக்கு அப்பாயியோடு வந்திருந்தான். பள்ளி டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘பக்கத்துப் பையனை அடிக்கிறான். கேட்டால் ஒத்துக்கொள்கிறான்.’ அந்த மாதத்தில் அது மூன்றாவது குறிப்பு.

“ஏன்ப்பா அடிச்ச?”

“அழுதான்.”

“யாரு அழுதது?”

“அவன். மிஸ் வந்தாங்க. பென்சில். நான் அடிச்சேன்.”

அப்பாயி தலையில் கை வைத்துக்கொண்டார். “பாருங்கம்மா, செய்யறதையும் செஞ்சுட்டு எப்படி வாய் கூசாம சொல்றான்னு. பேச்செல்லாம் நல்லாத்தான் வருது. இவனை எதுக்குப் பேச்சு டாக்டர்கிட்ட அனுப்புனாங்கன்னே எனக்குப் புரியல.”

நான் டாக்டர் இல்லை. பேச்சு, மொழிப் பயிற்சியாளர். ஆங்கிலத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட் என்பார்கள். பதினான்கு வருடமாக இதுதான் வேலை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர், திக்குவாய்க்கும் மழலைக்கும் மட்டும்தான் நான் என்று நினைத்து வருகிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் அப்பாயி சொன்னது சரிதான். பையனுக்கு ரகரம், ழகரம் எல்லாம் சுத்தம். திக்கல் இல்லை. காதுப் பரிசோதனையிலும் குறை இல்லை.

ஆனால் அந்தப் பென்சில் எங்கிருந்து வந்தது?

அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பக்கத்துப் பையன் இவன் பென்சிலைப் பிடுங்கி ஒடித்திருக்கிறான். இவன் அடித்தான். அவன் அழுதான். அழுகைச் சத்தம் கேட்டு மிஸ் வந்தார். நடந்தது இவ்வளவுதான். இவன் சொன்னதிலும் எல்லாமே இருந்தது. வரிசைதான் இல்லை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டும் இல்லை. வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, “அவன் என் பென்சிலைப் புடுங்கி ஒடிச்சுட்டான், அதனாலதான் அடிச்சேன்” என்று சொல்லியிருக்கும். அடித்தது அப்போதும் தப்புதான். ஆனால் பெஞ்சின் மேல் இரண்டு பேர் நின்றிருப்பார்கள். இப்போது இவன் மட்டும் நின்றான்.

கதை சொல்லத் தெரிவதை நாம் ஒரு கலை என்றே நினைக்கிறோம். ஆண்டு விழா மேடைக்கான திறமை என்று. என் அறையில் உட்கார்ந்து பார்த்தால் அது வேறு. ஒரு குழந்தை தனக்குத் தானே சாட்சி சொல்லும் திறமை அது. எங்கே வலிக்கிறது, எப்போது ஆரம்பித்தது, யார் தொட்டார்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல முடியாத பிள்ளைக்கு, அதன் பக்கத்து நியாயத்தை வேறு யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

பையனின் பெயரைச் சொல்லக் கூடாது. அவன் எவர்சில்வர் டப்பாவில் எப்போதும் முறுக்கு இருக்கும். மணப்பாறைக்காரன் ஆயிற்றே. அதனால் இங்கே அவன் பெயர் முறுக்கன்.

நூல் இல்லாத மணிகள்

காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தாய் என்று ஒரு ஏழு வயதுப் பிள்ளையைக் கேளுங்கள். “எந்திரிச்சு, பல்லு வெளக்கி, குளிச்சு, இட்லி சாப்ட்டுட்டு, ஸ்கூலுக்குப் போனேன்” என்று வரும். ஐந்து வேலைகள். ஆனால் முடிகிற வினை ஒன்றே ஒன்று, கடைசியில் ‘போனேன்’. மற்ற நான்கும் அடுத்ததற்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் வினையெச்சம் என்று படித்தோமே, அதுதான். தமிழில் கதையைக் கோக்கும் நூல் இதுதான். ‘சாப்ட்டுட்டு’ என்பதில் வரும் அந்தக் கடைசி ‘ட்டு’ இருக்கிறதே, முந்தையது முடிந்த பிறகுதான் அடுத்தது என்பதை அந்தச் சின்னச் சத்தமே சொல்லிவிடுகிறது.

முறுக்கனின் பேச்சில் எல்லாமே முற்றுவினை. எந்திரிச்சேன். போனேன். குளிச்சேன். மணிகள் இருந்தன, நூல் இல்லை.

முதல் நாள் நான் செய்வது, குழந்தை பேசுவதைப் பதிவு செய்து, அதைச் சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்ப்பது. எத்தனை எச்சம் வந்தது, எத்தனை ‘அதனால’, எத்தனை ‘ஏன்னா’, எத்தனை வெறும் ‘அப்புறம்’ என்று எண்ணுவேன். முறுக்கனின் மூன்று நிமிடப் பேச்சில் பதினோரு ‘அப்புறம்’ இருந்தது. ‘ஏன்னா’ ஒன்றுகூட இல்லை.

வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்து ‘முதலில், அடுத்து, பிறகு, இறுதியாக’ என்று அட்டை அச்சடித்துப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைக்கும் இடங்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் செய்தவள்தான். எந்த வீட்டில் எந்த அம்மா ‘இறுதியாகச் சட்னி அரைத்தேன்’ என்கிறார்? அட்டையில் இருக்கும் வரை பிள்ளை அதைச் சொல்லும். அறையை விட்டு வெளியே போனதும் அட்டையோடு அதுவும் இங்கேயே நின்றுவிடும்.

எந்த வயதில் எது வரும்?

எல்லாப் பிள்ளைகளும் ஆரம்பத்தில் முறுக்கன் மாதிரிதான் பேசும். கரோல் பீட்டர்சன், அலிசா மெக்கேப் என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தைகள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லும் விதத்தை ஆராய்ந்து 1983-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நான்கு வயதில் பேச்சு தவளை மாதிரித் தாவுகிறது. நடுவில் உள்ளதை விட்டு இங்கிருந்து அங்கே குதிக்கிறது. ஐந்து வயதில் வரிசை வந்துவிடுகிறது. ஆனால் உச்சக்கட்டம் வந்ததும் கதை நின்றுவிடும். “நாய் தொரத்துச்சு, நான் விழுந்துட்டேன்” – அவ்வளவுதான், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது வராது. ஆறு வயதில் பெரும்பாலும் முடிவோடு சேர்ந்த முழுக்கதை வருகிறது. அவர்கள் பார்த்தது ஆங்கிலம் பேசும் அமெரிக்கக் குழந்தைகளை. இருந்தாலும் இந்தப் படிகள் என் அனுபவத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகின்றன.

அதனால் நான்கு வயதுப் பிள்ளை தாவினால் பயப்பட வேண்டாம். ஏழு வயதில் தாவினால் கவனிக்க வேண்டும். காது, அறிவு எல்லாம் சரியாக இருந்தும் மொழி மட்டும் பின்தங்கும் நிலையை ‘வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு’ என்கிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில், பள்ளி தொடங்கும் வயதில் நூற்றுக்கு ஏழு பிள்ளைகளுக்கு இது இருப்பது தெரிந்தது. வகுப்பறையில் இது குறும்பாகவோ, மந்தமாகவோ, அடமாகவோதான் கண்ணில் படும். கணக்கில் ‘ராமுவிடம் எட்டு மாம்பழம் இருந்தது, மூன்றைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு...’ என்று வரும்போது இந்தப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கழிக்கத் தெரியும், எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் சிக்கல்.

பனி பொம்மையும் முட்டையும்

வேலைக்கு வந்த புதிதில் வரிசைப்படுத்தும் படஅட்டைப் பெட்டி ஒன்று வாங்கினேன். அதில் பனியால் செய்த பொம்மை முழுதாக நிற்கும், வெயிலில் பாதி உருகும், கடைசியில் வெறும் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு பையன் தண்ணீர்ப் படத்தை முதலில் வைத்தான், பொம்மையைக் கடைசியில் வைத்தான். தப்பு என்று குறித்துக்கொண்டேன். அவன் விடவில்லை: “ஃபிரிட்ஜுல தண்ணி வெச்சாத்தானே ஐஸ் வரும்?”

அவன் வாழ்க்கையில் அதுதானே வரிசை. அன்றோடு அந்தப் பெட்டி அலமாரிக்குப் போயிற்று.

இப்போது நான் முட்டையில் தொடங்குகிறேன். முழு முட்டை, உடைந்த முட்டை, ஆம்லெட். மூன்றே படம். முட்டை சாப்பிடாத வீடென்றால் பலூன்: ஊதாத பலூன், ஊதிய பலூன், வெடித்த பலூன். இவற்றைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பல் துலக்கிவிட்டும் குளிக்கலாம், குளித்துவிட்டும் துலக்கலாம். அந்த வரிசை வெறும் பழக்கம். உடைந்த முட்டை மறுபடி முழுசாகாது. முன்னதால்தான் பின்னது வந்தது என்று பிள்ளைக்குப் பொருளே சொல்லிக் கொடுத்துவிடும். காரணத்தால் நிற்கும் வரிசையில் கை பழகிய பிறகுதான் பழக்கத்தால் நிற்கும் வரிசைக்குப் போவேன். மூன்று படம் தடுமாறாமல் வந்தால் நான்கு, பிறகு ஆறு.

படத்தைவிட நல்லது, கையால் செய்வது. என் அறையில் வாரம் ஒருமுறை எலுமிச்சை ஜூஸ் போடுவோம். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்வேன். நடுவில் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்வேன். நறுக்காத பழத்தை டம்ளருக்கு மேல் பிடித்துக்கொண்டு, “என்னடா இது, சாறே வரமாட்டேங்குது?” என்று பிழிந்துகொண்டே இருப்பேன். முறுக்கன் முதல் தடவை என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். இரண்டாம் வாரம் பொறுக்க முடியாமல் கத்தினான்: “நறுக்கிட்டுப் புழியணும்!”

நறுக்கிட்டு. அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் எச்சம் அது. நான் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. அவனுக்கு அது தேவைப்பட்டது, வந்தது. ஜூஸ் குடித்து முடித்ததும் போன் படங்களை வரிசையாக வைத்து அப்பாயிக்குச் சொல்வது அவன் வேலை. “உருட்டி, நறுக்கி, புழிஞ்சு, சர்க்கரை போட்டு, ஆத்தி, குடிச்சோம்.” தன் கையே படத்தில் இருப்பதால் நினைவு தவறவில்லை.

பாண்டிக் கட்டமும் ஐந்து விரலும்

உட்கார்ந்து பேச மாட்டாத பிள்ளைகளுக்கு வாசலில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடுவேன். ஒரு கட்டத்துக்கு ஒரு சம்பவம். சொல்லிவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குத் தாவலாம். ஒரு சம்பவத்தை விட்டுவிட்டால் கட்டம் காலியாக நிற்கும். ‘நடுவுல என்னமோ விட்டுட்ட’ என்று நான் சொல்லத் தேவையே இல்லை, காலே காட்டிக்கொடுக்கும்.

வரிசை பிடிபட்டதும் அடுத்தது கதையின் எலும்புக்கூடு. நான்சி ஸ்டைன், கிறிஸ்டின் க்ளென் இருவரும் 1979-ல் ‘கதை இலக்கணம்’ என்ற ஒன்றை விளக்கினார்கள். சூழல், கதையைக் கிளப்பிவிடும் ஒரு சம்பவம், அதனால் பாத்திரத்தின் மனத்தில் எழுவது, அது எடுக்கும் முயற்சி, விளைவு, அதற்கான எதிர்வினை என்று கதைக்கு உறுப்புகள் உண்டு என்றார்கள். எங்கள் துறையில் பலரும் இன்றும் இதை வைத்துத்தான் கதைகளை அளக்கிறோம். பிள்ளைகளுக்கு அது ஒரு கை. கட்டை விரல்: யார்? ஆள்காட்டி விரல்: எங்கே, எப்போ? நடுவிரல்தான் நீளம், அதற்குப் பெரிய கேள்வி: என்ன சிக்கல்? மோதிர விரல்: என்ன செஞ்சாங்க? சுண்டு விரல்: எப்படி முடிஞ்சுது? விரல்களை மடக்கி உள்ளங்கையைத் தொட்டால்: மனசுக்கு எப்படி இருந்துச்சு?

முறுக்கனோடு அந்தப் பென்சில் விவகாரத்தை விரல் விட்டுப் பார்த்தோம். கட்டை விரலும் ஆள்காட்டியும் வந்தன. நடுவிரலில் நின்றுவிட்டான். அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். “ஒடிச்சான்” என்றான் கடைசியில். “என் பென்சில்.” உள்ளங்கைக்கு வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, கையை மூடிக்கொண்டான். நானும் கேட்கவில்லை.

எழுத்தில்லாத படக்கதைகளும் உதவும். அமெரிக்க ஓவியர் மெர்சர் மேயர் 1969-ல் வெளியிட்ட ஒரு தவளைக் கதைப் புத்தகம், உலகெங்கும் மொழி ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது. ஒரு சொல்கூடக் கிடையாது. பையன் வளர்க்கும் தவளை ராத்திரி ஜாடியிலிருந்து தப்பிவிடும். அவனும் நாயும் தேடிப் போவார்கள். இதைக் காட்டினால் சில பிள்ளைகள், “பையன் இருக்கான். நாய் இருக்கு. மரம் இருக்கு” என்று ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் போட்டோவாகச் சொல்வார்கள். “தவளையைத் தேடி மரத்துல ஏறுறான்” என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘தேடி’ என்ற அந்தச் சொல்தான் இருபதுக்கு மேற்பட்ட படங்களையும் ஒரே கதையாகக் கட்டுகிறது.

வீட்டில் இருக்கும் சரக்கு

இதற்கெல்லாம் வெளிநாட்டுப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கன்றுக்குட்டியிடம் கேட்டு, அதன் தாயிடம் கேட்டு, மாடு மேய்ப்பவனிடம் கேட்டு, அவன் கையில் உள்ள கோலிடம் கேட்டு என்று போய்க்கொண்டே இருந்து, கடைசியில் குதிரை ‘ஈ’ என்று கனைக்கும்போது ஈக்குப் பெயர் நினைவுக்கு வரும். வரிசைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் முந்தையதோடு ஏதாவது ஒரு உறவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. முழுப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். அடுத்த கொக்கி தெரிந்தால் போதும்.

காக்கா வடை கதையைத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள். “ஒரு ஊருல ஒரு பாட்டி வடை சுட்டாங்களாம். நரி வந்து தூக்கிட்டுப் போச்சாம்.” வாயே திறக்காத பிள்ளைகூட இதற்குச் சண்டைக்கு வரும். திருத்துவதற்காகப் பேசும்போது பிள்ளை தன்னை மறந்து பேசுகிறது. பரீட்சை என்ற பயம் அங்கே கிடையாது.

முறுக்கனின் அப்பாயி பெரிய கதைசொல்லி. “நான் எவ்வளவோ கதை சொல்றேனே, இவனுக்கு ஒட்டலையே” என்று வருத்தப்பட்டார். ஒரு வேலை கொடுத்தேன்: “இனிமே அவன் சொல்லட்டும், நீங்க உம் கொட்டுங்க.” கதை கேட்பவர் உம் கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவது நம் ஊர் வழக்கம். அந்த ‘உம்’ என்பதில் திருத்தல் இல்லை, கேள்வி இல்லை; நான் இங்கேதான் இருக்கிறேன், மேலே சொல் என்பது மட்டும் இருக்கிறது. எத்தனையோ பெற்றோருக்கு நான் கற்றுக்கொடுக்கப் பாடுபடுவது அதைத்தான். பிள்ளை ஒரு வரி சொல்வதற்குள் இவர்கள் நான்கு கேள்வி கேட்டுவிடுவார்கள்.

‘இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் வரும். முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள்: “இன்னைக்கு நான் பஸ்ஸுக்கு ஓடினேனா, செருப்பு அறுந்துபோச்சு. அதனால ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டே வந்தேன்.” கேட்ட பிள்ளைக்குத் தன் செருப்பு அறுந்த நாள் தானே நினைவுக்கு வரும். பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு: ‘அப்புறம்?’, ‘அதுக்கு முன்னாடி?’

இது வெறும் என் நம்பிக்கை இல்லை. முன்னர் சொன்ன பீட்டர்சனும் மெக்கேப்பும் சேர்ந்து 1999-ல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வசதி குறைந்த வீடுகளின் அம்மாக்களிடம், நடந்து முடிந்தவற்றைப் பற்றிப் பிள்ளைகளோடு நிறையப் பேசுங்கள், ‘ஆமா, இல்ல’யில் முடியாத கேள்வியாகக் கேளுங்கள் என்று சொல்லி, ஒரு வருடம் உடன் நின்றார்கள். பயிற்சி முடிந்த உடனே பிள்ளைகளின் சொல்வளம் கூடியிருந்தது. கதை சொல்லும் திறமை கூடியது அதற்கும் ஒரு வருடம் கழித்து. பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று என்னிடம் கோபித்துக்கொள்ளும் அப்பாக்களுக்கு இதைச் சொல்வேன்.

இன்னொன்று. பள்ளியில் ஆங்கிலம் வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். எந்த மொழியில் அப்பாயி உம் கொட்டுகிறாரோ அந்த மொழியில் கதை முதலில் நிற்கட்டும். சிக்கல், முயற்சி, முடிவு என்ற எலும்புக்கூடு ஒரு மொழியில் பிடிபட்டால் அடுத்த மொழிக்கும் கூடவே வரும்.

ஆறு வயது தாண்டியும் பிள்ளை சொல்வதை வெளியாள் யாராலும் தொடர முடியவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பதினெட்டு வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பகாலத் தலையீட்டு மையங்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தனியாரிடம் போனால், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, என்னையும் கேட்கலாம்.

முறுக்கு

எட்டு மாதம் ஆயிற்று. டைரிக் குறிப்பு நின்றுவிடவில்லை. ஆனால் சமீபத்தில் வந்ததில் இரண்டு பையன்களின் பெயரும் இருந்தது. அப்பாயி அதை ஏதோ பரிசுப் பத்திரம் போலக் காட்டினார்.

போன வாரம் அவன் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம், டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துத் தின்றேன். திரும்பி வந்தவன் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “முறுக்கு எங்க?” என்றான். “தெரியாதே” என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனான். கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது:

“அப்பாயி, நான் தண்ணி குடிக்க வந்தேன்ல, அதுக்கு முன்னாடி நாலு இருந்துச்சு. டீச்சர் டப்பாவைத் தொறந்து, ஒண்ணை எடுத்துத் தின்னுட்டு, கேட்டா தெரியாதுங்கிறாங்க. ஆனா அவங்கதான். ஏன்னா வாயில தூள் ஒட்டியிருக்கு.”

அப்பாயி உம் கொட்டியபடியே உள்ளே வந்து, என் வாயைப் பார்த்துவிட்டு, உண்மையா என்று கேட்டார்.

ஒத்துக்கொண்டேன்.